ஜப்பானியப் போர்க்காலத் தொப்பி அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: மலேசியாவின் ஈப்போவில் ஒரு பழம்பொருள் கடையில் காக்கி நிறப் பருத்தித் தொப்பி ஒன்று வாங்கினேன். முன்னால் மஞ்சள் நட்சத்திரம், பின்னால் இறுக்கிக் கட்டக் கயிறு, துணியால் ஆன தாடை வார். உள்ளே மங்கிப்போன மை முத்திரை. அதில் கூட்டல் குறி போல ஒன்றும், அதன் கீழே விலகி நிற்கும் இரண்டு கோடுகளும் தெரிகின்றன. மலாயாவுக்குள் படையோடு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் அணிந்தது என்றார் கடைக்காரர். இது அசல்தானா? ராணுவத் தொப்பியா, பொதுமக்கள் அணிந்த தொப்பியா?

பதில்:

தொப்பியையும் கடைக்காரர் சொன்ன கதையையும் முதலில் பிரித்துவிடுங்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கதை உடனே விழுந்துவிடுகிறது. தொப்பி தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.

நீங்கள் சொல்லும் கூட்டல் குறி ஜப்பானிய எழுத்தில் பத்து. அதன் கீழே, மேல்முனை நெருங்கியும் கீழ்முனை விலகியும் நிற்கும் இரண்டு கோடுகள் எட்டு. ஆக 18. இது ஷோவா 18ஆம் ஆண்டு, அதாவது பேரரசர் ஹிரோஹிதோ காலத்து ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் பதினெட்டாம் ஆண்டு. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும்: 1943. ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. அந்த மாத முடிவுக்குள் ஈப்போ விழுந்தது. சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. 1943இல் தைத்த தொப்பியோடு 1941இல் யாரும் வந்திருக்க முடியாது.

அதிகாரி என்பதும் இடிக்கிறது. ஜப்பானிய ராணுவத்தில் அதிகாரிகள் சீருடையைத் தங்கள் சொந்தச் செலவில் வாங்கினார்கள். கைக்கோஷா என்ற ராணுவ அதிகாரிகள் சங்கத்தின் கடைகளிலோ தனியார் தையல்காரர்களிடமோ தைத்துக்கொள்வார்கள். கடற்படை அதிகாரிகளுக்கு சுய்க்கோஷா என்று தனிச் சங்கம். அதனால் அதிகாரித் தொப்பியில் கடையின் பெயர் பொறித்த துணிச்சீட்டு இருக்கலாம், நல்ல லைனிங் இருக்கும், தையல் நேர்த்தியாக இருக்கும். அளவு, ஆண்டு, கிடங்கு என்று மையில் குத்திய முத்திரை பெரும்பாலும் சிப்பாய்களுக்கு அரசு வழங்கிய பொருளின் அடையாளம். விலை ஏறவேண்டும் என்பதற்காகச் சிப்பாய்த் தொப்பியை அதிகாரித் தொப்பி என்று சொல்லி விற்பது இந்தச் சந்தையில் பழைய வழக்கம்.

இந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். ஜப்பானிய ராணுவத்தின் முறையான தொப்பி சிவப்புப் பட்டையும் கறுப்பு முன்விளிம்பும் பித்தளை நட்சத்திரமும் வைத்த விறைப்பான ஒன்று. அதை அணிந்துகொண்டு இரும்புத் தலைக்கவசத்தை மாட்ட முடியாது. 1930களின் தொடக்கத்திலேயே களத்தில் மென்மையான, குட்டை விளிம்புள்ள ஒரு தொப்பி புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1938இல் வந்த புதிய சீருடை விதிகளில் அதற்கு முறையான இடம் கிடைத்தது. ராணுவக் கணக்கில் அதன் பெயர் ரியாகுபோ. மக்கள் வாயில் அது செந்தோபோ, அதாவது போர்த்தொப்பி. குளிர்காலத்துக்குக் கம்பளி, கோடைக்கும் வெப்பநாடுகளுக்கும் பருத்தி. கழுத்தில் வெயில் படாமல் இருக்க நான்கு துண்டுகளாகத் தொங்கும் துணியைப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். தொப்பியை விட அந்தத் தொங்குதுணிதான் போலியாக அதிகம் செய்யப்படுகிறது என்பதால், அது சேர்ந்து வந்தாலே அசல் என்று எண்ணிவிட வேண்டாம்.

குழப்பம் இதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. 1940 நவம்பரில் ஜப்பானிய அரசு ஆண்களுக்கென்று கொக்குமின்ஃபுக்கு என்ற தேசிய உடையை அரசாணை மூலம் அறிவித்தது. அதோடு அணியும் தொப்பியும் போர்த்தொப்பியின் சாயலிலேயே இருந்தது. நிறமும் அதே காக்கிப் பச்சைதான். அதற்குத் தேசியப் பாதுகாப்பு நிறம் என்றே பெயர். போர் முற்ற முற்ற, பள்ளி மாணவன், தொழிற்சாலைத் தொழிலாளி, அலுவலக எழுத்தர், வான்தாக்குதலின்போது தீயணைக்க ஓடிய கெய்போதான் தொண்டர் என எல்லோர் தலையிலும் இந்த வடிவம் ஏறியது. எனவே வடிவத்தை மட்டும் வைத்து ராணுவமா பொதுமக்களா என்று சொல்லவே முடியாது. பொதுமக்கள் தொப்பிக்கு மதிப்பு குறைவு என்று சேகரிப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். அதனாலேயே மஞ்சள் நட்சத்திரம் ஒன்றைத் தைத்து அதை ராணுவத் தொப்பியாக மாற்றிவிடுகிறார்கள். சந்தையில் என்னை அதிகம் வருந்தச் செய்வது முழுப்போலியை விட இந்த வேலைதான். உண்மையான ஒரு வரலாற்றுப் பொருளைக் கெடுத்து, இன்னொன்றின் பொய்யான பிரதியாக்குகிறார்கள்.

ஆகவே உங்கள் தொப்பியில் முதலில் சோதிக்க வேண்டியது நட்சத்திரம் அல்ல, நட்சத்திரத்தின் அடிப்பக்கம். சிப்பாய்த் தொப்பியின் நட்சத்திரம் மஞ்சள் கம்பளித் துணியில் வெட்டி, சீருடை நிறத் துண்டு ஒன்றின் மேல் வைத்துத் தைத்தது. அந்தத் துண்டைத் தொப்பியின் நெற்றியில் பொருத்தியிருப்பார்கள். பிரிக்காமல், ஒரு மூலையை மட்டும் மரக்குச்சியால் மெல்லத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் வெயிலும் தூசியும் பட்ட தொப்பியானால், நட்சத்திரத்துக்கு அடியில் இருக்கும் துணி சுற்றியுள்ள துணியை விட அழுத்தமான நிறத்தில், கிட்டத்தட்ட புதிதாக இருக்க வேண்டும். அடியிலும் வெளியிலும் ஒரே அளவு வெளுத்திருந்தால், தொப்பி வெளுத்த பிறகு நட்சத்திரம் வந்திருக்கிறது.

அங்கேயே இன்னொன்றையும் தேடுங்கள்: பக்கம் பக்கமாக இரண்டு சிறு துளைகள். மாணவர்களும் நிறுவன ஊழியர்களும் பள்ளிச் சின்னம், கம்பெனிச் சின்னம் போன்றவற்றை மடக்கும் கால்கள் அல்லது திருகாணி வைத்துப் பொருத்துவார்கள். அதற்குத் துளை வேண்டும். ராணுவ நட்சத்திரம் தையல் என்பதால் துளை தேவையில்லை. துளையைச் சுற்றித் துருவோ பச்சைக் களிம்போ படிந்து, அதை ஒரு நட்சத்திரம் மூடியிருந்தால் விஷயம் தெளிவு. எதிர்ப்பக்கமும் உண்டு. 1945 ஆகஸ்டுக்குப் பிறகு ஊர் திரும்பிய சிப்பாய்கள் நட்சத்திரத்தைப் பிய்த்துவிட்டு அதே தொப்பியைத் தொடர்ந்து அணிந்தார்கள். வேறு துணிக்கு எங்கே போவது? அதனால் நட்சத்திரமே இல்லாமல், நட்சத்திர வடிவில் வெளுக்காத தடமும் தையல் ஊசித் துளைகளும் மட்டும் இருக்கும் தொப்பி மிக நல்ல அசலாக இருக்கலாம். அதில் புது நட்சத்திரம் தைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

நட்சத்திரத்தைத் தைத்த நூல் உள்லைனிங்கில் தெரிகிறதா என்பதையும் பார்க்கலாம். லைனிங் போடுவதற்கு முன்பே நட்சத்திரம் தைக்கப்பட்டிருந்தால் உள்ளே நூல் வராது. உள்ளே வந்திருந்தால் பின்னால் சேர்த்தது. ஆனால் சிப்பாயே கழன்றதைத் திரும்பத் தைத்திருக்கலாம் அல்லவா? இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நூலின் வகையையும் சேர்த்துப் பாருங்கள்.

நூலும் துணியும்தான் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள். ஜப்பானில் பாலியஸ்டர் வணிக அளவில் தயாரானது 1958இல். அதற்கு முந்தைய தொப்பியில் பாலியஸ்டர் நூல் இருக்க வழியே இல்லை. வியர்வைப் பட்டையின் உள்மடிப்பில் ஏற்கெனவே அவிழ்ந்து தொங்கும் நூல் ஏதாவது இருந்தால், ஒரு சென்டிமீட்டர் போதும், இடுக்கியில் பிடித்துத் தொப்பியிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கி, விரலில் நசுங்கும் கரியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். தொங்கும் நூல் இல்லையென்றால் வெட்டி எடுக்காதீர்கள். இந்தச் சோதனையை விட்டுவிடலாம்.

புற ஊதா டார்ச் வைத்துப் பார்ப்பதும் உதவும், ஒரு எச்சரிக்கையோடு. இன்றைய நூலிலும் துணியிலும் இருக்கும் வெளுப்பேற்றும் ரசாயனம் அந்த ஒளியில் நீல வெண்மையாக ஒளிரும். ஆனால் யாராவது இந்த எழுபது எண்பது ஆண்டுகளில் அசல் தொப்பியைச் சோப்புத்தூள் போட்டு அலசியிருந்தாலும் ஒளிரும். தொப்பி முழுக்க மங்கலாக ஒளிர்ந்தால் அலசல் என்று கொள்ளலாம். துணி இருட்டாக இருந்து, நட்சத்திரத்தின் தையல் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால் நட்சத்திரம் பின்னால் வந்தது.

பொருள் தட்டுப்பாடு இந்தத் தொப்பிகளின் மேல் எழுதியிருக்கும் கதை மிகவும் செழுமையானது. சீனப் போர் தொடங்கிய 1937லேயே துணியில் ஸூஃபு என்ற செயற்கை இழையைக் கலப்பது ஜப்பானில் கட்டாயமாகிவிட்டது. அது மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான். 1941 ஆகஸ்டில் உலோகங்களைத் திரட்டும் ஆணை வந்தது. 1942 பிப்ரவரியிலிருந்து உடைக்குப் பங்கீடு: நகரவாசிக்கு ஆண்டுக்கு 100 புள்ளி, கிராமத்தாருக்கு 80. இதெல்லாம் தொப்பியில் அப்படியே தெரியும். முற்காலத் தொப்பியில் பழுப்புத் தோலால் ஆன தாடை வார், தோல் வியர்வைப் பட்டை, வார் பொருத்த உலோகப் பொத்தான். பிற்பாடு மாட்டுத்தோல் பன்றித்தோலாகிறது. பன்றித்தோலைக் கண்டுபிடிப்பது எளிது. மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து முக்கோணமாக இருக்கும். பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். பிறகு ரப்பர் பூசிய கித்தான், அதன்பின் வெறும் துணி. பொத்தான் பேக்கலைட் என்ற பழைய கெட்டி பிளாஸ்டிக்காகவும் மரமாகவும் மாறுகிறது. பள்ளிச் சீருடைகளில் பீங்கான் பொத்தான்கூட வந்தது.

இந்தப் படிப்படியான இறக்கம்தான் நமக்கு ஆண்டுக்கணக்கு. உங்கள் தொப்பியில் 1943 என்று முத்திரை, துணியால் ஆன தாடை வார். இரண்டும் ஒத்துப்போகின்றன. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். போலி செய்பவர்கள் வழக்கமாக அழகான தோல் வார்தான் வைப்பார்கள், வாங்குபவர் கண்ணுக்கு அதுதான் ராணுவம் போலத் தெரியும் என்பதால். 1944 முத்திரையும் கனமான புதுத் தோலும் பளபளக்கும் பித்தளைக் கொக்கியும் ஒரே தொப்பியில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இனி முத்திரை. சிப்பாய்த் தொப்பியில் அளவு பெரிது, நடு, சிறிது என்று எழுத்தில் இருக்கும். பெரிது என்பதற்கான எழுத்து கைகால் விரித்து நிற்கும் ஆளைப் போலிருக்கும். நடுவுக்கு, ஒரு செவ்வகத்தை மேலிருந்து கீழாக ஒரு கோடு துளைத்துச் செல்லும். சிறிதுக்கு நடுவில் ஒரு நெடுங்கோடு, இருபுறமும் பக்கத்துக்கு ஒரு சிறு கோடு. இவற்றோடு ஆண்டும், எந்த உடைக் கிடங்கு என்பதற்கான எழுத்தும், சோதித்து ஏற்றதற்கான சிறு முத்திரையும் இருக்கலாம். ராணுவ உடைக் கிடங்கின் தலைமையகம் டோக்கியோவில் இருந்தது. ஒசாகாவிலும் ஹிரோஷிமாவிலும் கிளைகள். ஹிரோஷிமாக் கிளையின் செங்கல் கட்டடங்கள் அணுகுண்டுக்கும் தப்பி நின்று, இன்று பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக இருக்கின்றன. முத்திரையில் எந்த ஊர் எழுத்து என்று தெரிந்தால் அந்தத் தொப்பி புறப்பட்ட இடமே தெரிந்துவிடும்.

முத்திரையையும் போலியாகக் குத்தலாம், குத்துகிறார்கள். அசல் மை நூலிழையோடு ஓடிப் பரவியிருக்கும், விளிம்பு கலங்கியிருக்கும், வியர்வை அதிகம் பட்ட நெற்றிப் பக்கத்தில் கரைந்திருக்கும். உங்கள் முத்திரை பாதி படிக்க முடியாமல் இருப்பது நல்ல குறிதான். எல்லா எழுத்தும் கன்னங்கரேலென்று, விளிம்பு கூர்மையாக, துணியின் மேல்பரப்பில் மட்டும் உட்கார்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். துணிச்சீட்டில் அச்சடித்த எழுத்தானால், படுக்கைவாட்டு வரி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். போருக்கு முன்னும் போரின்போதும் பெரும்பாலும் வலமிருந்து இடம். போருக்குப் பிறகுதான் இடமிருந்து வலம் உறுதியாக நிலைத்தது. எழுத்துகளின் வடிவமும் 1946க்குப் பின் வந்த சீர்திருத்தங்களில் எளிமையானது. ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டினால் பழைய வடிவமா புதிய வடிவமா என்று உடனே சொல்லிவிடுவார்.

பொதுமக்கள் தொப்பியின் உள்ளே வேறு வகைத் தடயங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர், வணிக முத்திரை, தலைச்சுற்றளவு எண், முக்கியமாக விலை. 1939 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், வட்டத்துக்குள் ஓர் எழுத்து வைத்து அதிகாரபூர்வ விலையைப் பொருளிலேயே குறித்தார்கள். ராணுவம் சிப்பாய்க்குக் கொடுக்கும் தொப்பியில் விலை எதற்கு? வட்டத்துக்குள் எழுத்தும் பக்கத்தில் விலையும் கண்டால் அது கடையில் விற்ற பொதுமக்கள் தொப்பி. அதன் நெற்றியில் எத்தனை அழகான நட்சத்திரம் இருந்தாலும் அப்படியேதான்.

கடற்படைத் தொப்பி உங்கள் கேள்வியில் இல்லை என்பதால் சுருக்கமாக: நட்சத்திரத்துக்குப் பதில் நங்கூரம். சுற்றிலும் கருநீலக் கோடு இரண்டு இருந்தால் அதிகாரி, ஒன்று இருந்தால் கீழ்நிலை அதிகாரி, கோடே இல்லையென்றால் மாலுமி.

உங்கள் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவிலும் சுமத்ராவிலும் ஜாவாவிலும் உள்ளூர் இளைஞர்களை ஹெய்ஹோ என்ற துணைப்படையில் சேர்த்தார்கள். ஜாவாவில் 1943 அக்டோபரில் பேத்தா என்ற படையும் உருவானது. அவர்களும் இதே சாயல் தொப்பிதான் அணிந்தார்கள். உள்ளூர்த் துணியில் தைத்த ஒன்று ஜப்பானியக் கிடங்கின் அளவுக்கும் தரத்துக்கும் பொருந்தாமல் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதே சமயம், சீனாவில் ஜப்பானிய எதிர்ப்புப் போரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் ஏராளமாக எடுக்கப்படுகின்றன. அவற்றுக்கென்று தைத்த தொப்பிகளும், போர்க்கள நடிப்பு ஆர்வலர்களுக்கென்று தைத்தவையும் பழசாக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. தேநீரில் ஊறவைத்துப் பழசாக்கியது தையல் மடிப்புக்குள்ளும் ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையாக அணிந்த தொப்பியில் அழுக்கு ஒரே சீராகப் படியாது. நெற்றிப் பக்கம் வியர்வைக் கறை, முன்விளிம்பின் ஓரத்தில் கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த தேய்மானம், பின்கயிறு நுழைந்து உரசிய துளைகளின் ஓரங்கள், மடிப்புக்குள்ளே மட்டும் மாறாத பழைய நிறம்.

ஒப்பிட்டுப் பார்க்க கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையத் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். களத்தில் கைப்பற்றிய தொப்பிகளின் படங்கள் விளக்கத்தோடு இருக்கின்றன. விற்பனைத் தளங்களின் படங்களோடு ஒப்பிடாதீர்கள். போலியைப் போலியோடு ஒப்பிட்டால் இரண்டும் அசலாகத்தான் தெரியும். டோக்கியோ போகும் வாய்ப்புக் கிடைத்தால் குடான்ஷிதாவிலுள்ள ஷோவா-கான் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். போர்க்காலப் பொதுமக்கள் வாழ்க்கைக்கென்றே அமைந்தது.

உள்ளே கையால் மையில் எழுதிய பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். வியர்வைப் பட்டையைப் புரட்டினால் சில தொப்பிகளில் கிடைக்கும். கிடைத்தால் அதை இணையத்தில் போடும் முன் யோசியுங்கள். திரும்பி வராத மகனின் பெயராக இருக்கலாம், அவர் குடும்பம் இன்னும் இருக்கலாம். போர்க்களத்தில் கைப்பற்றிய கொடிகள் முதலியவற்றைக் குடும்பங்களிடம் திருப்பிச் சேர்க்கும் ஓபான் சொசைட்டி என்ற அமைப்பு அமெரிக்காவில் இயங்குகிறது. அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

என் கணிப்பு இது: அதிகாரித் தொப்பி அல்ல, மலாயாப் படையெடுப்பில் வந்ததும் அல்ல. 1943இல் தயாரான சிப்பாய்களின் கோடைத் தொப்பியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உறுதியாகச் சொல்ல மூன்று படங்கள் வேண்டும்: மூலை தூக்கிய நட்சத்திரத்தின் அடிப்பக்கம், வியர்வைப் பட்டையைப் புரட்டிய உள்மடிப்பு, பகல் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்த முத்திரை. அதுவரை துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். உள்ளே அமிலமில்லாத காகிதத்தைத் தளர்வாக அடைத்து, பிளாஸ்டிக் பையில் போடாமல், அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஈப்போவின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்த பருத்தி ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும், முதலில் அழிவது அந்த மை முத்திரைதான்.